கார் ஏற்றும் இரவுக் கோச்சி: எல்லை தாண்டுவது ஏன் இவ்வளவு கடினம்?

மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்கு இரவுக் கோச்சியில் போய்ப் பழகியவர்களுக்கு அதன் வசதி தெரியும். ஏறாவூர், வாழைச்சேனை வரைக்கும் பேச்சும் சாப்பாட்டுப் பொதி பிரிக்கும் சத்தமுமாக இருக்கும். புனாணைக் காடு வரும்போது பெட்டி அடங்கிவிடும். விடியும்போது கொழும்பு. ஒரு பகலும் வீணாகவில்லை, ஹோட்டல் அறைக்கும் செலவில்லை. இறங்கிய பிறகுதான் குறை தெரியும்: கையில் வாகனம் இல்லை. வீட்டில் நிற்கும் காரையும் இதே கோச்சியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தால் எவ்வளவு நல்லது என்ற எண்ணம் அப்போது வரும்.

அப்படிப்பட்ட கோச்சிகள் உலகத்தில் இருக்கின்றன. முன்பு இன்னும் கூடுதலாக இருந்தன. ஜேர்மன் புகையிரத நிறுவனம் 2016 டிசம்பரோடு தன்னுடைய இரவு உறங்கல் சேவைகளை நிறுத்தியது. கார் ஏற்றும் கோச்சிகளை அதற்கு முன்னரே குறைத்துக்கொண்டு வந்திருந்தது. ஒஸ்திரியப் புகையிரத நிறுவனம் அவற்றில் ஒரு பகுதியை எடுத்து நடத்துகிறது. வியன்னாவில் இருந்து ஹம்பேர்க்குக்கு இன்றும் காரை ஏற்றிவிட்டு உறங்கிக்கொண்டு போகலாம். விரும்பி ஏறும் பயணிகள் இருந்தும் இவை ஏன் குறைந்தன, பல நாடுகளைத் தாண்டும்போது ஏன் இன்னும் கடினமாகின்றன என்பதைக் கீழே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சுவிஸில் இருக்கும் நம்மவர்கள் "காரைக் கோச்சியில் ஏற்றினோம்" என்று சொல்வது பெரும்பாலும் காண்டர்ஸ்டேக்கில் இருந்து கோப்பன்ஸ்டைனுக்கு மலைச்சுரங்கத்துக்குள்ளால் போகும் பதினைந்து நிமிடப் பயணத்தை. அதில் ஆட்கள் காருக்குள்ளேயே இருப்பார்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலுக்கடியில் 50 கிலோமீற்றர் சுரங்கத்தில் ஓடும் 35 நிமிடச் சேவையும் அதே வகை. அவற்றைப் பாதைப் படகு மாதிரி எடுத்துக்கொள்ளலாம்: ஏற்று, கடத்து, இறக்கு, திரும்பிப் போ. ஒரே வண்டி ஒரு நாளைக்குப் பல தடவை ஓடும். இங்கே நாம் பேசுவது வேறு. கார்கள் தனி வண்டிகளில், ஆட்கள் படுக்கைப் பெட்டிகளில், இரவு முழுக்க ஓடும் கோச்சி. இந்த வேறுபாடு செலவுக் கணக்கை அடியோடு மாற்றிவிடும்.

ஒரு இரவுக்கு ஒரு தடவை

பகல் கோச்சியின் ஒரு பெட்டியில் ஏறத்தாழ 80 பேர் இருக்கலாம். காலையில் ஒரு பயணம், பின்னேரம் இன்னொன்று என்று அதே இருக்கையை இரண்டு மூன்று தடவை விற்கலாம். படுக்கைப் பெட்டியில் ஒரு அறைக்கு மூன்று பேர் என்றால் முப்பதுக்குச் சற்று மேல்தான் கொள்ளும். ஆறு படுக்கை போடும் எளிய வகையில் ஐம்பது, அறுபது வரும். அந்தப் படுக்கையை இருபத்துநாலு மணித்தியாலத்தில் ஒரு தடவைதான் விற்க முடியும். மிச்ச நேரம் பெட்டி யாட்டில் சும்மா நிற்கும். சும்மா என்றாலும் வேலை இருக்கிறது: படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும், கழிவுத்தொட்டி உறிஞ்ச வேண்டும், ஒவ்வொரு அறையையும் துப்புரவாக்க வேண்டும். பகல் பெட்டிக்கு இதில் பாதி வேலை கூட இல்லை.

கார்களைச் சேர்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 26 மீற்றர் நீளமான இரட்டைத் தட்டு கார் வண்டி ஒன்றில் எட்டு முதல் பத்து கார் ஏறும். பத்து வண்டி பூட்டினால் ஏறத்தாழ 90 கார். ஒரு காருக்குச் சராசரி இரண்டரைப் பேர் என்றால் 225 பேர். அவர்களுக்கு ஆறு படுக்கைப் பெட்டியாவது வேண்டும். ஆக 16 வண்டி, எஞ்சினையும் சேர்த்து 430 மீற்றருக்கு மேல் நீளம். எடையைப் பாருங்கள்: படுக்கைப் பெட்டி ஒன்று 50 தொன், கார் வண்டி ஒன்று வெறுமையாக 30 தொன், கார் ஒன்று ஒன்றரைத் தொன், எஞ்சின் 85 தொன் என்று வைத்தால் எல்லாமாக 820 தொன். ஒரு ஆளுக்கு மூன்றரைத் தொன்னுக்கு மேல் இழுக்கிறோம். பகல் கோச்சியில் ஒரு ஆளுக்கு ஒரு தொன் கூட வராது. எரிபொருள் செலவு எடைக்கு ஏற்பத்தான் ஏறும். ஐரோப்பாவில் தண்டவாளத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், கோச்சி ஓட்டுபவர் இன்னொருவர் என்பதால் ஓடுகிற ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் பாதைக் கட்டணமும் கட்ட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. "இரவில் தண்டவாளம் வெறுமையாகத்தானே கிடக்கும்" என்று பலர் நினைப்பது சரியல்ல. பகலில் பயணிகள் கோச்சிக்கு வழிவிட்டு நின்ற சரக்கு வண்டிகள் ஓடுவதும் இரவில்தான். தண்டவாளத்தைத் திருத்தப் பாதையை மூடுவதும் இரவில்தான். ஒரு நாட்டில் மூடும் நேரத்தை அறிந்து நேரசூசி போட்டால், அடுத்த நாடு அதே நேரத்தில் தன் பாதையை மூடியிருக்கும். சுற்றுப்பாதையில் திருப்பிவிட்டால் இரண்டு மணித்தியாலம் போய்விடும்.

தூரத்துக்கும் ஒரு அளவு உண்டு. இரவு எட்டு மணிக்குப் புறப்பட்டு விடிய எட்டுக்கு இறங்குவதுதான் எல்லாருக்கும் பிடித்த நேரம். நல்ல பாதையில் பன்னிரண்டு மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் ஓடலாம். அதைவிட மிகவும் கிட்ட என்றால் கார்க்காரர் றோட்டாலேயே போய்விடுவார். கல்முனையில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அம்பாறை மாவட்டத்துக்குள் தண்டவாளம் வரவில்லை, மட்டக்களப்போடு முடிகிறது. அவர் ஒரு மணித்தியாலம் ஓட்டி மட்டக்களப்புக்கு வர வேண்டும். ஏற்றுவதற்குக் குறைந்தது ஒன்றரை மணித்தியாலம் முந்தி நிற்க வேண்டும். கோச்சியில் எட்டு ஒன்பது மணித்தியாலம். கொழும்பில் இறக்க இன்னும் ஒரு மணித்தியாலம். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆகிவிட்டது. றோட்டால் போனால் எட்டு மணித்தியாலத்துக்குள் கொழும்பில் நிற்பார். இலங்கைக்குள் இந்தச் சேவை எடுபடாமல் போவதற்குத் தூரம் போதாமை ஒன்றே போதும்.

காரை ஏற்றுவது

வெளியில் இருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுக்காத பகுதி இது. காரைப் பக்கவாட்டால் ஏற்ற முடியாது. வண்டியின் கடைசி முனைக்கு நேரே ஒரு சாய்தளம் வேண்டும். அதற்கு முடிவுள்ள தனித் தண்டவாளம் வேண்டும். இரட்டைத் தட்டு என்றால் சாய்தளமும் இரண்டு உயரத்துக்கு ஏறி இறங்க வேண்டும். கார்கள் முதல் வண்டியில் ஏறி, வண்டிக்கு வண்டி போட்ட இரும்புத் தகட்டுக்கு மேலால் ஓடி, கடைசி வண்டி வரைக்கும் போய் நிற்கும். அதனால் முதலில் ஏறிய கார் முதலில் இறங்கும். நடுவில் ஒரு கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் நிற்கும். இரவு முழுக்க அலாரம் அடித்து பற்றரி இறங்கிப்போன கார்தான் காலையில் இந்த வேலையைச் செய்யும்.

ஒரு காரை ஏற்றும்போது நடப்பது இது: உயரத்தையும் அகலத்தையும் பார்ப்பார்கள். உயரமான வான் கீழ்த்தட்டிலா மேல்தட்டிலா, அல்லது அறவே ஏற்ற முடியாதா என்று அங்கேயே முடிவாகும். கூரையில் சாமான் பெட்டி இருந்தால் அதையும் சேர்த்து அளப்பார்கள். பிறகு கார் மெதுவாக ஏறும். இரண்டு பக்கமும் சில்லுக்கும் இரும்பு விளிம்புக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருந்தாலே பெரிது. நின்றவுடன் ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, முதலாம் கியரில் விட்டு, அலாரத்தை நிறுத்தி, அன்ரெனாவைக் கழற்றி, பக்கக் கண்ணாடிகளை மடித்துவிட்டு ஓட்டி வந்தவர் இறங்குவார். ஊழியர் சில்லுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைத்துப் பூட்டுவார். ஆப்பு சரியாக இறுகாமல் இருந்தால், கோச்சி ஒரு இடத்தில் சடாரென்று பிரேக் பிடிக்கும்போது முன் காரின் பின் பம்பரில் இந்தக் காரின் மூக்கு போய் முட்டும். அதனால் ஏற்றுமுன் காரைச் சுற்றிப் படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள கீறல்களைப் பதிந்துகொள்வார்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு கீறலுக்கும் காப்புறுதிச் சண்டை வரும்.

ஒரு காருக்கு இரண்டு நிமிடம் என்று கணக்குப் பார்த்தால் 90 காருக்கு மூன்று மணித்தியாலம். இரண்டு சாய்தளம் இருந்தால் ஒன்றரை. அதுவரைக்கும் கார்களை வரிசையாக நிறுத்த வளவு வேண்டும், ஊழியர் வேண்டும், ஏற்றி முடிந்த கார் வண்டிகளைப் படுக்கைப் பெட்டிகளோடு கொழுவ ஷண்டிங் எஞ்சின் வேண்டும். இது அத்தனையும் ஒரு நாளில் ஒரு தடவை வரும் ஒரு கோச்சிக்காக. நகர நடுவில் நிலம் விலை ஏறியபோது ஐரோப்பாவின் பழைய கார் ஏற்றும் நிலையங்கள் பல முதலில் மூடப்பட்டதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஒற்றைப் பாதையில் நீளமும் ஒரு தடை. மாகோவில் இருந்து கல்லோயா வழியாக மட்டக்களப்பு வரைக்கும் ஒற்றைப் பாதைதான். எதிரே வரும் கோச்சிக்கு வழிவிட ஒரு நிலையத்தில் விலகுபாதையில் நிற்க வேண்டும். 430 மீற்றர் நீளக் கோச்சி அந்த விலகுபாதைக்குள் அடங்காவிட்டால் வால் பிரதான பாதையில் கிடக்கும். இரண்டு கோச்சியும் போக முடியாது. நீளக் கோச்சி விட வேண்டுமென்றால் வழியில் உள்ள விலகுபாதைகளை நீட்டித்த பிறகுதான் விடலாம். நம்முடைய பாதையில் யானைகளும் உண்டு. 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பில் இருந்து போன இரவுக் கோச்சி ஹபரணைப் பக்கத்தில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. ஆறு யானைகள் இறந்தன. காட்டுப் பகுதியில் இரவில் மெதுவாகத்தான் போக வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. எடை கூடக்கூட பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும்.

எல்லை வந்தால்

இதுவரை சொன்னது ஒரே நாட்டுக்குள் உள்ள சிக்கல். எல்லை ஒவ்வொன்றும் இதன் மேல் இன்னொரு அடுக்கைப் போடும்.

முதலாவது தண்டவாள அகலம். ஐரோப்பாவில் பெரும்பாலும் 1435 மில்லிமீற்றர். ரஷ்யா, பெலரூஸ் பக்கம் 1520. ஸ்பெயினின் பழைய பாதைகள் 1668. இலங்கையும் இந்தியாவும் 1676, அதாவது ஐந்தடி ஆறங்குலம். 2020 வரை போலந்தில் இருந்து பெலரூஸ் போன கோச்சிகளுக்கு, பிறெஸ்ற் நகரத்தில் பெட்டிகளை ஜாக்கியால் தூக்கி, போகி எனப்படும் சில்லுத் தொகுதியைக் கழற்றி, அகலம் கூடிய போகியை உருட்டிவந்து பூட்டினார்கள். ஆட்கள் உள்ளே படுத்திருக்கவே நடந்த இந்த வேலைக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் போனது. ஸ்பெயினின் டால்கோ பெட்டிகளில் சில்லுகள் தாமாகவே அகலம் மாறும். அவை விலை கூடியவை, கார் சுமக்க அமைக்கப்பட்டவையும் அல்ல.

இரண்டாவது மின்சாரம். ஜேர்மனி, ஒஸ்திரியா, சுவிஸ் மூன்றிலும் 15,000 வோல்ற், 16.7 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். பிரான்சில் ஒரு பகுதி 25,000 வோல்ற் ஆடலோட்டம், மிச்சம் 1,500 வோல்ற் நேரோட்டம். இத்தாலியில் பெரும்பாலும் 3,000 வோல்ற் நேரோட்டம். எல்லையில் எஞ்சின் மாற்ற வேண்டும், அல்லது பல வகை மின்சாரத்துக்கும் ஓடக்கூடிய விலை கூடிய எஞ்சின் வாங்க வேண்டும். இதில் அவதானிக்க வேண்டியது, படுக்கைப் பெட்டியின் விளக்கும் குளிரூட்டியும் எஞ்சினில் இருந்து வரும் மின்சாரத்திலேயே ஓடுகின்றன. அந்த மின்சாரமும் நாட்டுக்கு நாடு மாறுவதால் ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் எல்லா வகையையும் ஏற்கும் மின்மாற்றிச் சாதனம் பூட்ட வேண்டும். நடுச்சாமத்தில் அது பழுதானால் பெட்டி முழுக்க வேர்த்துக் குளித்துக்கொண்டு வரும்.

மூன்றாவது சமிக்ஞையும் சாரதியும். ஒவ்வொரு நாட்டுக்கும் சிவப்பு விளக்கைத் தாண்டினால் தானே பிரேக் பிடிக்கும் வேறு வேறு கருவி உண்டு. அத்தனையும் ஒரே எஞ்சினில் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நாட்டு அதிகாரத்திடம் அனுமதி எடுக்க வேண்டும். சாரதிக்கு அந்த நாட்டு மொழியும் விதியும் அந்தப் பாதையும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் எல்லையில் சாரதி மாறுவார். அந்த மாற்றுச் சாரதியின் வேலை நேரம் கோச்சி பிந்தினால் முடிந்துவிடும். இன்னொருவர் வரும்வரை கோச்சி நிற்கும். ஒரு எல்லையில் ஏற்பட்ட அரை மணித்தியாலத் தாமதம் அடுத்த எல்லையில் இரண்டு மணித்தியாலமாவது இப்படித்தான்.

நான்காவது கடவுச்சீட்டும் சுங்கமும். கொல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் இடையே 2008இல் தொடங்கிய மைத்ரி விரைவுவண்டியில் முதலில் எல்லை நிலையங்களில் எல்லாரும் சாமான்களோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2017 நவம்பரில் சோதனையைப் புறப்படும் நிலையத்துக்கும் சேரும் நிலையத்துக்கும் மாற்றியபோது மணிக்கணக்கில் நேரம் மிச்சமானது. அதற்கு விலையும் உண்டு: நடுவழியில் யாரையும் ஏற்றவோ இறக்கவோ முடியாது. பிறகு 2024 யூலையில் அரசியல் குழப்பத்தோடு அந்தச் சேவையே நின்றது. கார் என்று வந்தால் ஆளுக்குள்ள சோதனை காருக்கும் வரும். காரை விற்காமல் திருப்பிக் கொண்டுபோவேன் என்று உத்தரவாதம் தரும் கார்னே பத்திரம், அந்த நாட்டில் செல்லுபடியாகும் காப்புறுதி, எஞ்சின் இலக்கம், செஸி இலக்கம். தட்டில் நெருக்கமாகப் பூட்டிய காரின் கதவைத் திறந்து சுங்க அதிகாரி பார்க்கவும் இடமில்லை. ஐயம் வந்தால் முன்னால் உள்ள அத்தனை காரையும் இறக்க வேண்டும்.

இவை எல்லாம் சேர்ந்தால் ஒரு திட்டம் எப்படி முடியும் என்பதற்கு நைற்ஸ்டார் நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்து நகரங்களில் இருந்து கடலடிச் சுரங்கத்தால் ஐரோப்பாவுக்கு உறங்கல் கோச்சி விட 1990களில் 139 பெட்டிகள் கட்டக் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் பாலங்களுக்கும் சுரங்கங்களுக்கும் அடங்கும் அளவு வேண்டும், கடலடிச் சுரங்கத்தின் தீப்பாதுகாப்பு விதி வேண்டும், பல நாட்டு மின்சாரம் வேண்டும் என்று எல்லாருடைய கடும் விதியையும் ஒரே பெட்டிக்குள் போட்டதால் பெட்டி எடையும் விலையும் ஏறியது. இதற்கிடையில் மலிவான விமானங்கள் வந்துவிட்டன. 1999இல் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு பயணியைக் கூட ஏற்றாத பெட்டிகளை 2000இல் கனடா வாங்கிக்கொண்டது.

எங்கே ஓடுகிறது, ஏன் ஓடுகிறது

அமெரிக்காவின் ஓட்டோ ட்ரெயின் வேர்ஜீனியாவின் லோர்ட்டனில் இருந்து ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டுக்கு 1,376 கிலோமீற்றர் ஓடுகிறது. 1971இல் ஒரு தனியார் நிறுவனம் தொடங்கி, 1981இல் நொடித்துப்போனது. 1983இல் அமெரிக்காவின் பயணிகள் புகையிரத நிறுவனமான அம்ட்ராக் எடுத்து இன்றுவரை நடத்துகிறது. இரண்டே நிலையம், இரண்டிலும் சாய்தளமும் வளவும். நடுவில் பயணிகள் ஏறி இறங்குவதில்லை. எரிபொருளுக்கும் ஊழியர் மாறுவதற்கும் ஒரு இடத்தில் மட்டும் நிற்கும். ஒரே நாடு, ஒரே அகலம். குளிர்காலத்தைத் தெற்கில் மாதக்கணக்கில் கழிக்கப் போகும் ஓய்வுபெற்றவர்களுக்கு அங்கே சொந்தக் கார் கட்டாயம் வேண்டும். அப்படியிருந்தும் ஒரு பருவத்தில் தெற்கே போகும் கோச்சியில் காருக்கு இடம் கிடையாது, மறுபக்கம் காலியாக வரும். சித்திரை வருடப்பிறப்புக்குக் கொழும்பில் இருந்து மட்டக்களப்பு வரும் கோச்சியில் நிற்க இடமில்லாமலும் திரும்பிப் போவது வெறுமையாகவும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பல எல்லை தாண்டி ஓடுவதற்கு ஒஸ்திரியாவின் ஃபிலாக்கில் இருந்து துருக்கியின் எடிர்னே வரை போகும் ஒப்டிமா விரைவுவண்டியைச் சொல்லலாம். ஸ்லோவேனியா, குரோவேசியா, சேர்பியா, பல்கேரியா எல்லாம் தாண்டி, ஒரு நாளுக்கு மேல் எடுத்துப் போகிறது. மெதுவாகப் போனாலும் ஆட்கள் ஏறுவதற்குக் காரணம் உண்டு: ஜேர்மனியில் வாழும் துருக்கியக் குடும்பங்கள் கோடை விடுமுறைக்குக் கார் நிறையச் சாமானோடு ஊருக்குப் போகிறார்கள். விமானத்தில் அந்தச் சாமானைக் கொண்டுபோக முடியாது. இரண்டு நாள் ஓட்டவும் முடியாது.

பக்கத்து நாடான இந்தியாவில் கொங்கண் ரெயில்வே லொறிகளைத் தட்டை வண்டிகளில் ஏற்றும் சேவையை 1999 முதல் நடத்துகிறது. லொறிச் சாரதி லொறியிலேயே இருப்பார், அதனால் படுக்கைப் பெட்டிச் செலவு இல்லை. லொறி வருடம் முழுக்க வரும். 2025 ஓகஸ்டில் அதே பாதையில் மகாராஷ்டிராவின் கோலாடில் இருந்து கோவாவின் வேர்ணாவுக்குக் கார்களுக்கும் தொடங்கினார்கள். ஒரு தடவைக்கு 40 கார் ஏறும், குறைந்தது 16 கார் பதிவானால்தான் வண்டி போகும், ஒரு காரோடு மூன்று பேர் போகலாம் என்று விதித்தார்கள். வாடிக்கை மிகவும் குறைவாகவே வந்தது.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே என்றால், 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. படகு மெயில் என்று பெயர் பெற்றாலும் பெட்டி கடல் கடக்கவில்லை. ஆட்கள் கோச்சியால் இறங்கிக் கப்பல் ஏறி, மறுகரையில் இன்னொரு கோச்சி ஏறினார்கள். அந்தக் காலத்தில் இந்தியப் பக்கம் ஒரு மீற்றர் அகலப் பாதை, நம் பக்கம் 1676. பெட்டியைக் கொண்டுபோகவே முடியாது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இன்று இராமேசுவரம் பாதையும் அகலமாகிவிட்டது, தலைமன்னார்ப் பாதையும் 2015இல் மீண்டும் வந்தது. அகலச் சிக்கல் போய்விட்டது, நடுவில் கடல் மட்டும் நிற்கிறது. இந்தக் கடலில் காரைக் கடத்த கோச்சியை விட, கார் நேரே ஏறி நேரே இறங்கும் கப்பலே பொருத்தம். ஏற்றும் சாய்தளமும் சுங்கமும் ஒரே துறைமுகத்தில் இருக்கும். படுக்கைப் பெட்டியும் தேவையில்லை. 2023இல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைச் சேவையில் ஆட்கள் மட்டும்தான் போகிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யாராவது இப்படிப்பட்ட கோச்சியில் இடம் பிடிக்க நினைத்தால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முதலே கூரைப் பெட்டியோடு காரின் உயரத்தை நாடாவால் அளந்து கொடுக்கச் சொல்லுங்கள். எரிவாயுவில் ஓடும் கார் என்றால் ஏற்றுவார்களா என்று எழுத்தில் கேட்கட்டும். கடலடிச் சுரங்கச் சேவை அவற்றை ஏற்பதில்லை. ஏற்றும் நேரம் வேறு, புறப்படும் நேரம் வேறு: சீட்டில் பெரிதாக அடித்திருப்பது இரண்டாவது. கார் ஏறிய பின் காலைவரைக்கும் யாரும் காரிடம் போக முடியாது. அதனால் கடவுச்சீட்டு, மருந்து, பிள்ளையின் பால்மா, போர்வை எல்லாம் கையில் எடுத்துவிட்டுத்தான் திறப்பைக் கொடுக்க வேண்டும்.